துவக்கச்சுழல்: மென்பொருள் மாற்றத்தின்பின் மீளமீளத் துவங்கும் திறன்பேசி – வகை, காரணம், பரிகாரம்

1. பொருளும் எல்லையும்

திறன்பேசியின் மென்பொருளில் உரிமையாளர் ஒரு மாற்றம் செய்து மறுதொடக்கம் கொடுக்கிறார். உற்பத்தியாளரின் சின்னம் தோன்றுகிறது, மறைகிறது, மறுபடி தோன்றுகிறது. முகப்புத் திரை வரவேயில்லை. பழுதுபார்க்கும் கடைகளில் இந்நிலையைப் ‘பூட்லூப்’ என்பர். ‘லோகோவிலேயே நிற்கிறது’ என்று வாடிக்கையாளர் முறையிடுவர். இக்கட்டுரை அதனைத் துவக்கச்சுழல் என்று குறித்து, அதன் வகைகளையும் காரணங்களையும் பரிகாரங்களையும் வரிசைப்படுத்துகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் களம் ஆண்ட்ராய்டு இயங்குதளம். 2008இல் முதல் ஆண்ட்ராய்டு பேசி விற்பனைக்கு வந்தது முதற்கொண்டே, அதன் மென்பொருளை உரிமையாளரே மாற்றியமைக்கும் மரபு வளர்ந்து வந்துள்ளது. 2009இல் தோன்றிய சயனோஜன்மாட் 2016 இறுதியில் நின்றபின் லினியேஜ்ஓஎஸ் அதன் வழியைத் தொடர்ந்தது. அதே 2016இல் ஜான் வூ வெளியிட்ட மேஜிஸ்க், இயங்குதளப் பகுதியைத் தொடாமலே மாற்றம் செய்யும் முறையைப் பரவலாக்கியது. உரிமையாளர் தமக்குரிய பேசியில், முறைப்படி பூட்டுநீக்கிச் செய்யும் இத்தகைய மாற்றங்களால் எழும் சுழலே நம் ஆய்வுப்பொருள். திருட்டுப் பேசியின் பூட்டை உடைப்பதும் கணக்குக் காப்பைத் தாண்டுவதும் இதன் எல்லைக்குள் வாரா.

நாம் நிறுவ விழையும் கருத்து ஒன்றே. துவக்கச்சுழல் ஒழுங்கற்ற நிகழ்வு அன்று; துவக்கம் என்னும் ஒழுங்கின் ஏதோ ஒரு நிலை முறிந்ததன் விளைவு அது. முறிந்த நிலையை அறிந்தால், மீட்டு வைக்கவேண்டிய பொருள் எதுவென்பதும் தெரிந்துவிடும். அதற்கு மிகுதியாக எதையும் தொடத் தேவையில்லை. ‘ஃபார்மேட் போட்டால் சரியாகிவிடும்’ என்னும் பொதுவிடையில் நிழற்படங்களும் குரற்பதிவுகளும் கணக்குக் குறிப்புகளும் அழிகின்றன. அவற்றுள் பெரும்பகுதி அழிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இவ்வாய்வை மேற்கொள்ளக் காரணம்.

2. வரையறைகள்

ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் நிலைகளை முதலில் பிரித்துக்கொள்வோம்.

துவக்கச்சுழல்: பேசி துவக்கத்தைத் தொடங்கி, அதனை நிறைவு செய்யாமல், கட்டளை ஏதுமின்றித் தானே மறுபடி துவங்குவது, இது ஒருமுறைக்கு மேல் நிகழ்வது. இதில் இரு உட்பிரிவுகள் உண்டு. உற்பத்தியாளர் சின்னத்திலிருந்து மீளத் தொடங்குவது முழுச்சுழல். சின்னத்துக்குத் திரும்பாமல் துவக்க அசைபடம் மட்டும் முதலிலிருந்து ஓடுவது உட்சுழல். முன்னதில் இயங்குதளத்தின் அடிப்படை நிரலான கருனியும் சேர்ந்து வீழ்கிறது. பின்னதில் கருனி உயிரோடிருக்க மேலடுக்கு மட்டும் வீழ்ந்து எழுகிறது. கண்ணால் காணத்தக்க இவ்வேறுபாடே கண்டறிதலின் முதற்படி.

உறைவு: பேசி ஒரே திரையில் அசையாது நிற்பது. இதில் மீளத் துவங்குதல் இல்லை.

மீட்புச்சுழல்: ஒவ்வொரு துவக்கத்திலும் பேசி இயங்குதளத்துக்குச் செல்லாமல் மீட்புநிலைக்கே, அதாவது ரெக்கவரிக்கே, சென்று சேர்வது.

முடக்கம்: திரையே ஒளிராமல், எந்த விசைச் சேர்க்கைக்கும் பேசி விடையளிக்காதிருப்பது. கடைவழக்கில் இது ‘டெட்’. சுழலும் பேசி முடங்கிய பேசி அன்று. சின்னம் வரை வரும் பேசியில் துவக்கத்தின் தொடக்க நிலைகள் நலமாக உள்ளன என்பதை நினைவிற்கொள்க.

தாமதத் துவக்கம்: புதிய இயங்குதளம் பதித்தபின் நிகழும் முதல் துவக்கத்தில் செயலிகள் கருவிக்கேற்ப மறுதொகுக்கப்படுவதால், அசைபடம் 10 நிமிடத்துக்கும் மேல் ஓடக்கூடும். இதனைச் சுழலெனக் கருதி இடையில் அணைப்பவர், இல்லாத நோயை உண்டாக்குகிறார்.

இனிக் கருவிச்சொற்கள். பேசியின் நிலைநினைவகம் தனித்தனிப் பெயருடைய பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றையும் பிரிவகம் என்போம். ஒரு பிரிவகத்தில் எழுதப்படவேண்டிய முழு உள்ளடக்கத்தைக் கொண்ட கோப்பு படிமம். படிமத்தைப் பிரிவகத்தில் எழுதுவது பதித்தல். வழக்கில் ‘ஃபிளாஷ்’ செய்தல். கருனியை நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் நிரல் துவக்கேற்றி, வழக்கில் ‘பூட்லோடர்’. கணினியிலிருந்து துவக்கேற்றிக்குக் கட்டளையிடும் நிலை ஃபாஸ்ட்பூட். ஓடும் இயங்குதளத்தோடு பேசும் கருவி ஏடிபி.

3. துவக்கத்தின் ஐந்து நிலைகள்

முதலாவது படிப்பக நிலை. செயலிச் சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட, எவராலும் மாற்றவியலாத நிரல் இங்கு ஓடுகிறது. அடுத்து வரும் நிரலின் கையொப்பத்தைச் சரிபார்த்து, அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைப்பது இதன் பணி.

இரண்டாவது துவக்கேற்றி நிலை. திரையில் சின்னம் தோன்றுவது இங்குதான். துவக்கேற்றியின் பூட்டு நீக்கப்பட்ட பேசியில் எச்சரிக்கைத் திரை காட்டப்படுவதும் இங்கேதான். ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல பேசிகளில் இயங்குதளம் இரு படிகளாக, ‘ஏ’, ‘பி’ என்னும் இரு ஸ்லாட்டுகளில் வைக்கப்படுகிறது. அவற்றுள் எதனை ஏற்றுவது என்பதைத் துவக்கேற்றியே முடிவு செய்கிறது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு முயற்சி எண்ணிக்கை உண்டு. துவக்கம் வெற்றி எனக் குறிக்கப்படும் வரை முயற்சிதோறும் அது குறைகிறது. சுழியமானால் அந்த ஸ்லாட் துவங்கத்தகாதது எனக் கைவிடப்பட்டு மற்றது முயலப்படுகிறது. ஆகவே சில சுழல்கள் சில சுற்றுகளுக்குப்பின் தாமே முடிந்து, பழைய பதிப்பில் பேசி எழுவதும் உண்டு.

மூன்றாவது கருனி நிலை. லினக்ஸ் கருனி வன்பொருளின் இயக்கிகளை எழுப்புகிறது. தற்காலிக வேர்க்கோப்பமைப்பான ராம்டிஸ்க்கிலிருந்து முதல் நிரலை ஓட்டுகிறது. இயங்குதளப் பிரிவகங்களை இணைக்கிறது.

நான்காவது பணித்தொடக்க நிலை. ‘இனிட்’ என்னும் முதற்செயல்முறை, எஸ்ஈலினக்ஸ் காப்புக்கொள்கையை ஏற்றி, பயனர் தரவகத்தின் மறையாக்கத்தைத் திறந்து, பின்னணிப் பணிகளைத் தொடங்குகிறது. இன்றியமையாதது எனக் குறிக்கப்பட்ட பணி 4 நிமிடத்தில் 4 முறைக்கு மேல் வீழ்ந்தால், இனிட் பேசியை மீட்புநிலைக்கோ துவக்கேற்றிக்கோ திருப்பிவிடுகிறது. துவக்க அசைபடம் தோன்றத் தொடங்குவது இந்நிலையில்.

ஐந்தாவது கட்டமைப்பு நிலை. செயலிகளுக்கெல்லாம் தாய்ச்செயல்முறையான ஸைகோட் எழுகிறது. அதிலிருந்து, இயங்குதளத்தின் மையப் பணிகளை நடத்தும் சிஸ்டம் சர்வர் பிறக்கிறது. நிறுவப்பட்ட செயலிகள் அனைத்தும் வாசிக்கப்பட்டு, அறிவிப்புப் பட்டையையும் பூட்டுத்திரையையும் வரையும் சிஸ்டம் யூஐ எழுந்தபின்னரே அசைபடம் நிற்கிறது. சிஸ்டம் சர்வரின் முதன்மை இழைகளுள் ஒன்று 60 நொடி விடையளிக்காவிட்டால், வாட்ச்டாக் என்னும் காவல் நிரல் அதனைக் கொன்று மறுபடி எழுப்புகிறது. உட்சுழல் பிறக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

4. மாற்றங்களின் வகை

உரிமையாளர் செய்யும் மாற்றங்களை, அவை தொடும் நிலையைக் கொண்டு நான்காகப் பகுக்கலாம்.

அ. துவக்கப் படிம மாற்றம்: கருனியையோ ராம்டிஸ்க்கையோ மாற்றுவது. வேறு கருனி பதித்தலும், மேஜிஸ்க் கொண்டு படிமத்தைத் திருத்தி, இயங்குதளத்தின்மேல் முழுக் கட்டுப்பாடு தரும் ரூட் உரிமை பெறுதலும் இவ்வகை.

ஆ. இயங்குதள மாற்றம்: உற்பத்தியாளர் மென்பொருளை நீக்கி லினியேஜ்ஓஎஸ் போன்ற பிறிதொன்றைப் பதிப்பதும், பதிப்பை முன்னோ பின்னோ நகர்த்துவதும்.

இ. செருகுநிரல் மாற்றம்: எழுத்துரு, ஒலி, தோற்றம் முதலானவற்றை மாற்றும் மாட்யூல்கள். இவை பயனர் தரவகத்தில் இருந்துகொண்டு, துவக்கத்தின்போது மூலக்கோப்புகளின்மேல் போர்த்தப்படுகின்றன. மூலக்கோப்பு கெடுவதில்லை, போர்வையை நீக்கினால் பழைய நிலை மீள்கிறது.

ஈ. நீக்கமும் அமைப்பு மாற்றமும்: தேவையற்றவை எனக் கருதி முன்பதித்த செயலிகளை நீக்குதல், திரைச்செறிவு போன்ற அமைப்புகளை மாற்றுதல்.

இவ்வரிசை ஆழத்தின் வரிசையுமாகும். ‘அ’ வகை மூன்றாம் நிலையையும், ‘ஆ’ வகை மூன்று முதல் ஐந்து வரையான நிலைகளையும், ‘இ’, ‘ஈ’ வகைகள் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நிலைகளையும் தாக்கும். எனவே கடைசியாக என்ன செய்யப்பட்டது என்னும் வினாவுக்கு நேர்மையான விடை கிடைத்தால், சோதிக்க வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது.

5. காரணங்கள்

5.1 பொருத்தமின்மை. கருனியும் அதன் இயக்கிகளும் ஒரே தொகுப்பைச் சார்ந்தவையாக இருத்தல் வேண்டும். இயங்குதளத்தைப் புதுப்பித்தபின், முன்பு திருத்தி வைத்திருந்த பழைய துவக்கப் படிமத்தை அப்படியே பதிப்பவர் பலர். பழைய கருனி புதிய இயக்கிகளை ஏற்காதபோது வன்பொருள் எழுவதில்லை. பிரிவக மயக்கமும் இவ்வினமே. ஆண்ட்ராய்டு 13உடன் வெளிவந்த பேசிகளில் பொது ராம்டிஸ்க் ‘பூட்’ பிரிவகத்திலிருந்து ‘இனிட்பூட்’ என்னும் தனிப் பிரிவகத்துக்கு நகர்ந்தது. ஆதலால் கூகுளின் பிக்சல் 6இல் திருத்தவேண்டியது பூட் படிமம். பிக்சல் 7இல் இனிட்பூட் படிமம்.

5.2 சரிபார்ப்பு முறிவு. 2013இல் ஆண்ட்ராய்டு 4.4உடன் வந்த டிஎம்-வெரிட்டி, பிரிவகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அவற்றின் சுருக்கக் குறியீடுகளை மரவடிவில் அடுக்கி, வாசிக்கும்போதே ஒப்பிடுகிறது. 2017இல் ஆண்ட்ராய்டு 8.0உடன் வந்த சரிபார்ப்புத் துவக்க முறையில், எல்லாப் பிரிவகங்களின் குறியீடுகளும் ‘விபிமெட்டா’ என்னும் சிறு பிரிவகத்தில் கையொப்பத்துடன் திரட்டப்படுகின்றன. இயங்குதளப் பிரிவகத்தில் ஒரு கோப்பை மாற்றிவிட்டு விபிமெட்டாவை அப்படியே விட்டால், ஒப்பீடு தவறி மறுதொடக்கம் நிகழ்கிறது. இது பேசியின் கோளாறு அன்று. காப்பு தன் கடமையைச் செய்வதன் அடையாளம்.

5.3 பின்னடைவுத் தடை. காப்புக் குறையுள்ள பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்க, மீள இயலாத எண்ணொன்று கருவியில் உயர்த்தப்படுகிறது. 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13 பிக்சல் 6, 6 புரோ, 6ஏ ஆகியவற்றின் துவக்கேற்றியில் இவ்வெண்ணை உயர்த்தியது. அதன்பின் பழைய ஆண்ட்ராய்டு 12 தொகுப்புகளுக்குத் திரும்ப வழியில்லை. இதில் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. புதுப்பிப்பு ஒரு ஸ்லாட்டிலேயே எழுதப்படுவதால், மற்றதில் பழைய 12இன் துவக்கேற்றி தங்கிவிடும். ஏதேனும் காரணத்தால் துவக்கேற்றி அந்த ஸ்லாட்டுக்கு மாறினால் பேசி எழாது. இரு ஸ்லாட்டுகளிலும் 13ஐ எழுதிக்கொள்ளுமாறு கூகுள் மேம்பாட்டாளர்களுக்கு அறிவுறுத்தியது இதனாலேயே.

5.4 தரவு முரண். இயங்குதளத்தை மாற்றிப் பழைய பயனர் தரவை அழிக்காமல் விடுவதை ‘டர்ட்டி ஃபிளாஷ்’ என்பர். பதிப்பு நெருக்கமாயின் இது பலிக்கும்; கையொப்பச் சாவியோ தரவுத்தள அமைப்போ வேறாயின் சிஸ்டம் சர்வர் வீழும். மறையாக்கச் சாவிகள் இயங்குதளப் பதிப்போடும் காப்புத்திருத்த நாளோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், பழைய பதிப்புக்கு இறங்கும்போது தரவகமே திறக்காமல் போகலாம்.

தரவு மட்டுமே சுழலை உண்டாக்கவல்லது என்பதற்கு 2020ஆம் ஆண்டின் நிகழ்வு சிறந்த சான்று. ஓர் ஏரிக்காட்சிப் படத்தை முகப்புப் படமாக வைத்த ஆண்ட்ராய்டு 10 பேசிகள் பல சுழலில் வீழ்ந்தன. அப்படத்தின் நிறவெளி வழக்கமானதாக இல்லை. ஒளிர்வைக் கணிக்கும் நிரல் மூன்று நிறக்கூறுகளையும் தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டியபோது, 255ஐத் தாண்டாதிருக்க வேண்டிய மதிப்பு 256ஆயிற்று. 0 முதல் 255 வரை மட்டுமே இடமுள்ள அணியில் அவ்வெண்ணுக்கு இடமில்லை. சிஸ்டம் யூஐ வீழ்ந்தது. எழுந்ததும் அதே படத்தை வாசித்து மறுபடி வீழ்ந்தது. கருனியோ இயங்குதளக் கோப்போ எதுவும் பழுதுபடவில்லை என்பது கருதத்தக்கது.

5.5 முற்றுப்பெறாப் பதிவு. பதிக்கும்போது கேபிள் அசைதல், மின்கலம் தீர்தல், இறக்கிய கோப்பு சிதைந்திருத்தல் ஆகியவற்றால் பிரிவகத்தில் பாதிப் படிமமே எழுதப்படுகிறது.

5.6 தங்கிய கட்டளை. ‘மிஸ்க்’ என்னும் சிறு பிரிவகத்தில், அடுத்த துவக்கத்தில் மீட்புநிலைக்குச் செல்க என்னும் கட்டளையை இயங்குதளம் எழுதிவைக்கிறது. வேலை முடிந்ததும் மீட்புநிரல் அதனை அழிக்கவேண்டும். புறமீட்புநிரல் அதனை அழிக்காது விட்டால் மீட்புச்சுழல் பிறக்கிறது. இயங்குதளம் முழுநலத்துடன் இருக்க, கட்டளை மட்டும் எஞ்சி நிற்கும் நிலை இது.

5.7 வன்பொருள். மாற்றத்தை அடுத்து நிகழ்ந்ததாலேயே மாற்றத்தால் நிகழ்ந்தது என்று கொள்ளலாகாது. சிக்கிக்கொண்ட பவர் விசையும் தளர்ந்த மின்கலமும் தேய்ந்த நினைவகமும் இதே தோற்றத்தைத் தரும். எல்ஜி ஜி4 பேசிகளின் சுழலுக்கு உறுப்புகளிடையே தளர்ந்த தொடர்பே காரணம் என்று அந்நிறுவனம் 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. நெக்ஸஸ் 6பி பேசிகளில் இத்தகைய சுழல் கண்டபோது, செயலிச் சில்லின் வேகமிக்க நான்கு கருக்களை நிறுத்தி, எஞ்சிய நான்கில் மட்டும் ஓடும் துவக்கப் படிமங்களை ஆர்வலர்கள் 2017இல் உருவாக்கினர். வேகம் குறைந்தாலும் பேசி எழுந்தது. பலர் தம் தரவை மீட்டனர். வன்பொருட் பழுதுக்கு மென்பொருள் மாற்றம் மருந்தானதற்கு இது எடுத்துக்காட்டு.

6. கண்டறியும் முறை

கண்டறிதல் மூன்று வினாக்களால் அமையும்.

முதல் வினா: எவ்விடத்தில் திரும்புகிறது? சின்னத்திலேயே திரும்பினால் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை. துவக்கப் படிமத்தையும் விபிமெட்டாவையும் ஐயுறுக. அசைபடம் ஓடியபின் சின்னத்துக்குத் திரும்பினால் நான்காம் நிலை. தரவகத்தையும் காப்புக்கொள்கையையும் ஐயுறுக. அசைபடம் மட்டும் மீண்டும் ஓடினால் ஐந்தாம் நிலை. செருகுநிரலையும் நீக்கிய செயலியையும் ஐயுறுக. பூட்டுத்திரை வரை வந்து வீழ்ந்தால், தனிச்செயலி அல்லது வன்பொருள்.

இரண்டாம் வினா: எங்கே சென்று சேர்கிறது? சில சுற்றுகளுக்குப்பின் ஃபாஸ்ட்பூட்டில் வந்து நின்றால், ஏற்றத்தக்க ஸ்லாட் இல்லை என்று பொருள். தரவு பழுதுபட்டிருக்கலாம் என்னும் அறிவிப்போடு மீட்புநிலை தோன்றினால், அது ரெஸ்க்யூ பார்ட்டி என்னும் உள்ளமைந்த காப்பின் செயலாகலாம். சிஸ்டம் சர்வர் 5 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் மறுபடி எழுந்தாலோ, நிலைத்த இயங்குதளச் செயலி ஒன்று 30 நொடியில் 5 முறைக்கு மேல் வீழ்ந்தாலோ இக்காப்பு விழிக்கிறது என ஆண்ட்ராய்டு ஆவணம் வரையறுக்கிறது. அத்திரையில் ‘மீண்டும் முயல்க’, ‘தரவை அழிக்க’ என இரு தெரிவுகள் இருக்கும். இரண்டாவதை அழுத்த அவசரம் வேண்டாம். திரை அதனைக் காட்டுவதால் வேறு வழியில்லை என்று ஆகிவிடாது.

மூன்றாம் வினா: பதிவேடு என்ன சொல்கிறது? அசைபடம் ஓடும்போதே, முன்னர் யூஎஸ்பி பிழைதிருத்தம் இசைவளிக்கப்பட்டிருந்தால், ஏடிபியின் லாக்கேட் கட்டளைக்குப் பேசி விடையளிக்கக்கூடும். ஆயிரக்கணக்கான வரிகளுள் நாம் தேடவேண்டியது, கணினிச் செயல்முறையில் கொடிய விலக்கு நேர்ந்தது என்னும் பொருளுடைய வரி. அதற்குக் கீழே வீழ்ந்த நிரற்கூறின் பெயரும், அதனை வீழ்த்திய காரணமும் அடுக்காக இருக்கும். கருனியே வீழ்ந்திருந்தால், அதன் இறுதிச் சொற்கள் மறுதொடக்கத்திலும் அழியாத நினைவகப் பகுதியொன்றில் எஞ்சுவதுண்டு. மீட்புநிலையிலிருந்து பிஸ்டோர் கோப்புறையில் அதனை வாசிக்கலாம். ஊகத்தினும் ஒரு வரிப் பதிவு மேலானது.

7. பரிகாரப் படிநிலை

பரிகாரங்களை மீட்கவியலும் தன்மையால் வரிசைப்படுத்துகிறோம். திரும்பப்பெறக் கூடியதை முதலிலும், திரும்பப்பெற இயலாததை இறுதியிலும் செய்தல் வேண்டும். ஒரு படி தோற்றாலன்றி அடுத்த படிக்குச் செல்லலாகாது.

முதற்படி, நிறுத்துதலும் மின்னேற்றலும். பவர் விசையையும் ஒலி குறைக்கும் விசையையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், பல பேசிகள் சுழலை விட்டு ஃபாஸ்ட்பூட்டுக்கு வரும். மின்கலத்தைப் பாதிக்குமேல் ஏற்றியபின்னரே எதனையும் பதிக்க.

இரண்டாம் படி, செருகுநிரலை விலக்குதல். அசைபடம் ஓடும்போது ஒலி குறைக்கும் விசையை அழுத்திப் பிடித்துப் பாதுகாப்பு நிலையில் துவக்க முயல்க. அந்நிலையை உணரும் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் செயலிழக்கச் செய்துவிடும். ஏடிபி கிடைக்குமாயின், மாட்யூல்களை நீக்கும் மேஜிஸ்க்கின் தனிக்கட்டளையைக் கணினியில் காத்திருக்க விட்டுப் பேசியைத் துவக்கினால், இணைப்பு கிடைத்த கணமே அது நிறைவேறும். தரவுக்குச் சேதமில்லை.

மூன்றாம் படி, மூலத் துவக்கப் படிமத்தை மீட்டுவைத்தல். பேசியில் உள்ள அதே தொகுப்பெண்ணுக்குரிய முழுத் தொகுப்பை இறக்கி, அதிலிருந்து பூட் அல்லது இனிட்பூட் படிமத்தைப் பிரித்தெடுத்து ஃபாஸ்ட்பூட் வழியே பதிக்க. துவக்கப் படிமத்தை எழுதாமலே நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும் வசதியும் சில பேசிகளில் உண்டு; இருந்தால் அதனால் சோதித்தபின் பதிப்பது சிறந்தது. விபிமெட்டா மாற்றப்பட்டிருந்தால் அதன் மூலப் படிமமும் உடன் பதிக்கப்பட வேண்டும். துவக்கப் படிமத்தை மாற்றியதால் வந்த சுழல்களுக்கு முதலில் முயலத்தக்க மருந்து இதுவே.

நான்காம் படி, ஸ்லாட் மாற்றம். இது எளிய கட்டளை. ஆயின் ஆராய்ந்து செய்யத்தக்கது. மற்ற ஸ்லாட்டில் இருப்பது என்ன பதிப்பு என்பதும், பின்னடைவுத் தடையின் நிலையும் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் வந்த மெய்நிகர் ஏ/பி முறையில், புதுப்பிப்பு ஒன்றிணைந்தபின் பழைய இயங்குதளம் தனியே எஞ்சுவதில்லை. அங்கு ஸ்லாட் மாற்றம் பயன் தராது.

ஐந்தாம் படி, தரவு அழியாமல் இயங்குதளத்தை முழுமையாக மறுபதிப்புச் செய்தல். பிக்சலின் தொழிற்சாலைத் தொகுப்பில் உள்ள பதிக்கும் நிரலில், தரவழிப்பைக் குறிக்கும் ‘-டபிள்யூ’ என்னும் குறியை நீக்கிவிட்டு ஓட்டினால் தரவகம் தொடப்படாது. சாம்சங் பேசியை ஓடின் என்னும் பதிக்கும் கருவி கொண்டு பதிப்பவர், நான்காவதாகக் கேட்கப்படும் கோப்புக்கு ‘சிஎஸ்சி’யை அன்றி ‘ஹோம் சிஎஸ்சி’யைத் தேர்க. முன்னது தரவை அழிக்கும், பின்னது காக்கும். கடை மேசையில் இந்த ஒரு தேர்வில்தான் வாடிக்கையாளரின் தரவு தங்குவதும் போவதும் முடிவாகிறது.

ஆறாம் படி, தரவழிப்பு. முதல் ஐந்து படிகளும் பலிக்காதபோதும், பதிவேடு தரவு முரணை ஐயமறக் காட்டும்போதும் மட்டும் இதற்கு இடம். மறையாக்கம் செய்யப்பட்ட தரவகம் அழிக்கப்பட்டால் அதன் சாவியும் அழிகிறது. எந்த மீட்பு மென்பொருளும் அதனைத் திரும்பத் தராது. இதனை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் இசைவைப் பெறுதல் கடமை.

ஏழாம் படி, அடித்தளப் பதிப்பு. ஃபாஸ்ட்பூட்டும் கிடைக்காதபோது, குவால்காம் சில்லுகளில் ஈடிஎல் நிலையும் மீடியாடெக் சில்லுகளில் பூட்ரோம் நிலையும் எஞ்சுகின்றன. படிப்பக நிரலோடு நேரே பேசும் இம்முறைக்கு உரிய கையொப்பமிட்ட கோப்புகள் தேவை. ‘பெர்சிஸ்ட்’, ‘இஎஃப்எஸ்’ போன்ற பிரிவகங்களில் அந்தந்தக் கருவிக்கே உரிய அளவுத்திருத்தங்களும் அடையாள எண்களும் உள்ளன. அவற்றை வேறொரு பேசியிலிருந்து எடுத்து நிரப்ப முடியாது. ஆதலால் எந்நிலையிலும் அழிக்கலாகாது.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விலக்கு ஒன்று உண்டு. மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போது துவக்கேற்றியை மறுபடி பூட்டாதிருக்க. பூட்டிய கணமே சரிபார்ப்பு முழு வலிமை பெறும். அந்த மென்பொருள் ஏற்கப்படாது. பேசி துவங்க மறுக்கும். பூட்டை மறுபடி நீக்குவதும் தரவை அழித்தே நிகழும்.

8. முறையின் பொருத்திக்காட்டல்

மேற்கண்ட முறையை ஒரு நிகழ்வில் பொருத்திப் பார்ப்போம். பிக்சல் 7இல் ரூட் உரிமை பெற விழைந்த ஒருவர், இனிட்பூட் படிமத்தைச் சரியாகத் திருத்திவிட்டு, பழைய பேசியின் பழக்கத்தால் அதனைப் பூட் பிரிவகத்தில் பதித்துவிட்டார் எனக் கொள்வோம். பேசி எச்சரிக்கைத் திரையைக் காட்டுகிறது, சின்னம் வருகிறது, திரும்புகிறது, பிறகு ஃபாஸ்ட்பூட்டில் நிற்கிறது.

அசைபடம் தோன்றவில்லை, ஆகவே நான்காம், ஐந்தாம் நிலைகள் விலக்கப்படுகின்றன. ஃபாஸ்ட்பூட்டில் வந்து சேர்ந்தது. ஆகவே ஏற்றத்தக்க படிமம் இல்லை. இனிட்பூட் படிமத்தில் கருனி கிடையாது. அதனைப் பூட் பிரிவகத்தில் எழுதியதால், கருனி இருந்த இடத்தில் கருனியே இல்லாமற்போயிற்று. பயனர் தரவகமோ இயங்குதளமோ தொடப்படவில்லை. ஆதலால் பரிகாரம் மூன்றாம் படி: அதே தொகுப்பின் மூலப் பூட் படிமத்தைப் பூட்டிலும், திருத்திய படிமத்தை இனிட்பூட்டிலும் பதித்தல். இதே பேசிக்குத் தரவழிப்பைப் பரிந்துரைப்பவர், கருனி இல்லாத பேசியில் நிழற்படங்களை மட்டும் அழித்திருப்பார். சுழல் அப்படியே நின்றிருக்கும்.

9. முற்காப்பு

மாற்றத்துக்கு முன் ஆறு ஒழுங்குகளைப் பேணுதல் நன்று. பேசியின் சரியான உட்பெயரை உறுதிசெய்க; பிக்சல் 6க்கு ஓரியோல், 6 புரோவுக்கு ரேவன் என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, ஒன்றன் படிமம் மற்றதற்கு ஆகாது. நடப்புத் தொகுப்பெண்ணைக் குறித்து, அதன் மூலப் படிமங்களைக் கணினியில் வைத்திருக்க. இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 குறியீட்டை வெளியிட்டவர் தந்ததோடு ஒப்பிடுக. தரவைப் பேசிக்கு வெளியே படியெடுக்க. பூட்டுநீக்கமே தரவை அழிக்கும் என்பதால் இது முதல் நாளிலேயே தேவை. யூஎஸ்பி பிழைதிருத்தத்துக்கு நம் கணினிக்கு முன்கூட்டியே இசைவளிக்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, பேசியை மறுதொடக்கம் செய்து பார்த்தபின் அடுத்ததற்குச் செல்க. மூன்று மாட்யூல்களை ஒருசேர நிறுவியவருக்குச் சுழல் நேர்ந்தால், எது காரணம் என்பதைக் கண்டறியும் வேலை மும்மடங்காகிறது.

10. முடிபு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுப்போம். துவக்கம் ஐந்து நிலைகளால் ஆனது. மாற்றங்கள் நால்வகை, அவை தத்தமக்குரிய நிலைகளைத் தாக்குகின்றன. காரணங்கள் ஏழு, அவற்றுள் தரவழிப்பால் தீர்வது பெரும்பாலும் தரவு முரண் ஒன்றே. செருகுநிரல் தரவகத்தில் இருப்பதால் அதுவும் தரவழிப்பால் நீங்கும். ஆயினும் அதற்குத் தரவை இழக்கத் தேவையில்லை என்பதை இரண்டாம் படியில் கண்டோம். ஏனையவற்றுக்குத் தரவழிப்பு பயனற்றது, அல்லது மிகையானது.

இம்முறை எல்லாப் பேசிகளையும் காக்கும் என்று நாம் கூறவில்லை. சாவி இழந்த தரவகமும் தேய்ந்த நினைவகமும் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் எழாத பேசியைக் கையில் வாங்கும் எவரும் கேட்கவேண்டிய வரிசை ஒன்றே: கடைசியாக மாறியது எது, எந்நிலையில் திரும்புகிறது, அதே தொகுப்பின் மூலப் படிமம் எங்கே கிடைக்கும். இம்மூன்றுக்கும் விடை காணாமல் தரவை அழிக்க முற்படுவது முறையன்று. பழுதுபார்ப்போர் இதனைத் தம் தொழில் ஒழுக்கமாகவே கொள்ளுதல் வேண்டும்.